டியூப் லைட்டும் ஒரு சின்ன இருமலும்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பரீட்சை எழுதி, அதிகாரி முன்னால் கைகட்டி நின்று பதில் சொல்லி, முறைப்படி லைசென்சு வாங்கிய வயர்மேன். அரைகுறை ஆள் ஒரு தப்பு செய்தால் ஊர் மன்னித்துவிடும். விதி தெரிந்தவன் செய்தால்தான் மானம் கப்பலேறும். என்னுடைய மானம் நிஜமாகவே கப்பலேறி, கடலைத் தாண்டி, கொழும்பு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஐம்பதுகளின் கடைசி. போடிநாயக்கனூரில் தெருவுக்கு நாலு வீட்டில்தான் கரண்டு இருந்த காலம். எனக்கு இருபத்துமூன்று வயது. சட்டைப் பையில் லைசென்சை மடித்து வைத்துக்கொண்டே திரிவேன், யாராவது கேட்டால் காட்டலாமே என்று. (ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காமலே சிலருக்குக் காட்டியிருக்கிறேன்.)

அந்தப் பரீட்சையில் அதிகாரி என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி இது: "ரேடியோ ஏரியல் கம்பியை வீட்டுக் கரண்டு வயரோடு சேர்த்துக் கொண்டுபோகலாமா?"

மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "கூடாது சார். ரெண்டுக்கும் நடுவுல நல்ல இடைவெளி வேணும். ஒண்ணுக்கொண்ணு இணையா ஓடக்கூடாது. கடந்துதான் ஆகணும்னா நேர் குறுக்கா கடக்கணும். சுவத்துல ஒரே மரக்கட்டை மேல ரெண்டையும் சேர்த்து அடிக்கவே கூடாது சார்."

அதிகாரி தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இதைச் சொல்லக் காரணம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேச வந்துவிடக்கூடாது.

என்னைப் பிடித்து ஆட்டிய கெட்ட குணம் வேறு. வேலை பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும் எனக்கு. சுவரில் வயர் ஓடினால் நூல் பிடித்த மாதிரி ஓட வேண்டும். கிளிப்புக்குக் கிளிப்பு விரற்கடை மாறக்கூடாது. வேலை முடிந்ததும் நாலடி பின்னால் தள்ளி நின்று, தலையைச் சாய்த்து நானே ரசிப்பேன். என் அப்பா, "இவன் வயர் இழுக்கானா, கோலம் போடுறானா?" என்பார். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொள்வேன்.

அப்பாவுக்குக் கருப்பையா முதலாளியின் ஏலக்காய் கிட்டங்கியில் வேலை. காயை நிறம் பார்த்து, பருமன் பார்த்துத் தரம் பிரிப்பவர். எனக்கு ஒரே அக்கா, பார்வதி. எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது அவளைக் கொழும்பில் கடை வைத்திருந்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தோம். போடி ஸ்டேஷனில் ரயிலேறிப் போனவள்தான். முதல் வருஷம் மசக்கை என்று வரவில்லை. அடுத்து கடையை விட்டு வர முடியவில்லை என்றாள். அப்புறம் பாஸ்போர்ட்டு, விசா என்று நாங்கள் கேள்விப்படாத வார்த்தைகளெல்லாம் கடிதத்தில் வர ஆரம்பித்தன. ஏழு வருஷம் ஓடிவிட்டது.

அம்மா குரங்கணி மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு அடிக்கடி சொல்வாள்: "மலைக்கு அந்தப் பக்கம் குடுத்திருந்தாக்கூட ரெண்டு நாள் நடந்தே போய்ப் பாத்துட்டு வந்திருப்பேன். கடலுக்கு அந்தப் பக்கம் குடுத்துப்புட்டீகளே." அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டங்கிக்குக் கிளம்பிவிடுவார்.

அக்காவின் மகன் குமாருக்கு ஆறு வயது. ஸ்டூடியோவில் எடுத்த ஒரே ஒரு போட்டோவில்தான் எங்களுக்குப் பழக்கம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காதுகுத்த வேண்டிய பிள்ளை. அங்கே யாரோ ஒரு பங்காளி மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். கடிதத்தில் அதை வாசித்த அன்று, சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். என் மடி சும்மா இருக்கிறது என்ற நினைப்பு ரொம்ப நாள் என்னை விடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. கொழும்பு ரேடியோவில் சிறுவர் நிகழ்ச்சியில் குமார் பாடப்போகிறான். அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மேல். "போடியில் இருக்கிற தாத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் மாமாவுக்கும் பாடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பாடுவான். சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எப்படியாவது கேளுங்கள்" என்று எழுதியிருந்தாள். அம்மா அந்தக் கடிதத்தை என்னை ஆறு தடவை வாசிக்கச் சொன்னாள். 'மாமாவுக்கும்' என்ற இடம் வரும்போது ஆறு தடவையும் நானே கொஞ்சம் நிறுத்தி வாசித்தேன்.

எங்கள் தெருவில் ரேடியோ இருந்தது கருப்பையா முதலாளி வீட்டில் மட்டும்தான். புதுசு. டிரங்குப் பெட்டி அளவு பெரிசு. போட்டால் முன்பக்கத்தில் பச்சையாக ஒரு கண், சின்ன விளக்குதான், மெல்ல முழிக்கும். ஆனால் ஏரியலுக்கு ஜன்னலில் ஒரு முழம் கம்பி தொங்கியதால், கொழும்பு ஸ்டேஷன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் கேட்கும். விஷயத்தைச் சொன்னதும் முதலாளி, "அட, நம்ம பார்வதி மகனா! நீ மொட்டமாடியில நல்ல ஏரியலாப் போடு சுந்தரம். தெருவே உக்காந்து கேப்போம்" என்றார்.

குரங்கணியிலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்குகிற ஜீப்பில் இரண்டு நெட்டை மூங்கிலை நானே போய் ஏற்றிக்கொண்டு வந்தேன். மொட்டைமாடியில் இரண்டையும் நட்டு, நடுவில் செப்புக் கம்பியை இழுத்து, கம்பி மூங்கிலைத் தொடாமலிருக்க இரண்டு முனையிலும் பீங்கான் குமிழ் கட்டி, எல்லாம் விதிப்படி. மாடிவரைக்கும் நான் உத்தமன்.

கம்பியைக் கூடத்துக்கு இறக்குகிற இடத்தில்தான் சனி பிடித்தது. முதலாளி மகள் கல்யாணத்துக்காக அந்தக் கூடத்துச் சுவருக்கு அப்போதுதான் பச்சை டிஸ்டம்பர் அடித்திருந்தார்கள். நான் சுத்தியலும் கையுமாக உள்ளே நுழைந்ததும் முதலாளியம்மா சிவகாமி என் கையைத்தான் பார்த்தார்.

"தம்பி, சுவத்துல ஒரு ஆணி புதுசா இறங்கக்கூடாது, ஆமா."

"இல்லக்கா, தள்ளி ஒரு கட்டை அடிச்சாத்தான்..."

"கட்டையும் வேணாம், கிட்டையும் வேணாம். கல்யாண வீடு அசிங்கமாயிரும்."

நான் சுவரைப் பார்த்தேன். மாடிப்படி ஓரமாக ஏற்கனவே ஒரு தேக்குக் கட்டை இறங்கி வந்தது. அதன்மேல் டியூப் லைட்டுக்குப் போகிற கரண்டு வயர், நானே போட்டது, நூல் பிடித்த மாதிரி. அதே கிளிப்பைக் கொஞ்சம் நெம்பி, ஏரியல் வயரையும் அதற்குள் படுக்க வைத்தால்? ஒரு ஆணி வேண்டாம், ஒரு புள்ளி கெடாது. விதி ஞாபகம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதிகாரியின் முகம்கூட ஞாபகம் வந்தது. ஆனால் அவர் போடிக்கு வரப்போவதில்லையே!

வேலை முடிந்து நாலடி பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு வயரும் ஒன்றாகப் படுத்திருந்தது ஒரே வயர் மாதிரிதான் தெரிந்தது. முதலாளி வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கடா கம்பி? போட்டியா இல்லையா?" என்றார். அந்தக் கேள்வியில் நான் அடைந்த பெருமை இருக்கிறதே, அதை இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம்.

ரேடியோவைப் போட்டோம். கொழும்பு பக்கத்து வீட்டில் பேசுவது போலப் பேசியது. அப்பாவின் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அன்று சாயங்காலம் கூடத்தில் டியூப் லைட்டைப் போட்டதும், ரேடியோவில் 'கொர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் கிளம்பி, பேச்சை அப்படியே விழுங்கிவிட்டது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். "மேல மேகம் இறங்குதுல்ல முதலாளி, அதான்" என்றேன். டியூப் லைட்டின் உதறல் கரண்டு வயர் வழியாக வந்து, பக்கத்திலேயே படுத்திருக்கிற ஏரியலில் தொற்றிக்கொள்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தானே அந்த விதியே! ஆனால் நிகழ்ச்சி காலை ஒன்பது மணிக்கு. கூடத்தில் நாலு ஜன்னல். பட்டப்பகலில் எந்தப் பைத்தியக்காரன் டியூப் லைட்டைப் போடுவான்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாவது ஞாயிறும் வந்தது. அம்மா விடிவதற்கு முன்பே குளித்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற சுங்கடிச் சேலையைக் கட்டிக்கொண்டாள். "அவன் நம்மளப் பாக்கப்போறதில்ல, நாமதான் கேக்கப்போறோம்" என்றேன். "உனக்கென்ன தெரியும், போடா" என்றாள். கிட்டங்கியில் காய் பொறுக்குகிற பெண்கள், தெருவில் உள்ளவர்கள், ராசிங்காபுரத்திலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்த சித்தப்பா குடும்பம் என்று கூடம் நிறைந்துவிட்டது. அம்மாவை ரேடியோவுக்கு நேர் முன்னால் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். நான் ரேடியோவுக்குப் பக்கத்தில் திருகைப் பிடித்தபடி நின்றேன். பெண் வீட்டுக்காரன் மாதிரி எல்லோருக்கும் வணக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பிள்ளைகள் பாடி முடித்தார்கள். ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டது. கூடத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அறிவிப்பாளர் பெண், "அடுத்து நம் குட்டி நண்பர் குமார். வயது ஆறு" என்றார். அம்மா இரண்டு கைகளையும் மடியில் கோர்த்துக்கொண்டாள். "குமார், யாருக்காகப் பாடப்போறீங்க?" என்று ரேடியோ கேட்டது. ஒரு நிமிஷம் சத்தம் இல்லை. அப்புறம் ஒரு சின்ன இருமல். தொண்டையைச் சரிசெய்துகொள்கிற, பயந்துபோன, குட்டி இருமல்.

"பிள்ளை வாயைத் தொறந்துட்டான். நல்ல காரியம், விளக்கைப் போடுங்க!" என்றபடியே முதலாளியம்மா எழுந்துபோய், நிறைந்த மனதோடு டியூப் லைட் சுவிட்சைத் தட்டினார்.

எங்கள் பக்கத்தில் எந்த நல்ல காரியமும் விளக்கேற்றித்தான் ஆரம்பிக்கும். அந்த வீட்டில் குத்துவிளக்கைவிடப் பெரிய விளக்கு எது? புதுசாக வாங்கின டியூப் லைட். பார்வதி மகனுக்கு அதைப் போடாமல் வேறு யாருக்குப் போடுவது? ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

'கொர்ர்ர்ர்ர்' என்றது ரேடியோ.

நான் கத்தினேன்: "லைட்ட அணைங்க! அக்கா, லைட்ட அணைங்க!"

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நல்ல நேரத்தில் விளக்கை 'அணை' என்று சொல்கிற ஜென்மம் உண்டா? முதலாளியம்மா சுவிட்சுக்கு முன்னால் வந்து கைகளை விரித்து மறித்துக்கொண்டு நின்றார். "என்ன பேச்சுடா பேசுற! பச்சப்பிள்ளைக்குப் போட்ட விளக்கு. எரியட்டும்."

"அதான் இரையுது அக்கா! வெரசா நகருங்க!"

"மேகம்னு நீதானடா சொன்ன?" என்றார் முதலாளி பின்னாலிருந்து. முதலாளி பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுக்கவும் முடியாது. இரைச்சலுக்கு அடியில் மெலிசாக ஏதோ ராகம் போல ஒன்று போய்க்கொண்டிருந்தது. பாட ஆரம்பித்துவிட்டான். அம்மா தலையைச் சாய்த்து, ரேடியோவின் முகப்புத் துணியில் காதை ஒட்டவைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் நான் செய்த காரியத்துக்கு எந்த விதிப்புத்தகத்திலும் இடமில்லை. வாசலுக்கு ஓடினேன். மெயின் பெட்டியைத் திறந்தேன். பியூஸைப் பிடுங்கினேன்.

டியூப் லைட் அணைந்தது. இரைச்சல் நின்றது. ரேடியோவும் நின்றது. அதுவும் அதே கரண்டில்தான் ஓடுகிறது என்பது லைசென்சு வாங்கிய வயர்மேனுக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

அவ்வளவு பெரிய அமைதியை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கையில் பியூஸோடு வாசற்படியில் நிற்கிறேன். அறுபது எழுபது பேர் என்னைப் பார்க்கிறார்கள். ராசிங்காபுரம் சித்தப்பா, "பாட்டு முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டார். பாய்ந்து பியூஸைத் திரும்பச் செருகினேன். அந்தக் காலத்து வால்வு ரேடியோ உடனே பேசாது, சூடேற வேண்டும். பச்சைக் கண் சாவகாசமாக முழித்தது. டியூப் லைட் மட்டும் அதற்கு முன்னாலேயே மினுக் மினுக்கென்று எரிந்து தயாராக இருந்தது (சுவிட்சை யாரும் நிறுத்தவில்லையே!). ரேடியோ வாயைத் திறந்ததும் மறுபடி 'கொர்ர்ர்'.

கடைசியில் முதலாளியே எழுந்து, மனைவியைத் தோளைத் தொட்டு நகர்த்தி, "குளிர வச்சிருவோம் சிவகாமி" என்று, 'அணை' என்ற வார்த்தை வராமல் சொல்லி, சுவிட்சை நிறுத்தினார். ரேடியோ மணிமணியாகப் பேசியது: "ரொம்ப அழகாப் பாடினீங்க குமார். அடுத்து..."

அடுத்து யாரோ ஒரு சிறுமி பாடினாள். நல்ல குரல். ஒரு சொல் தவறாமல் கேட்டது. அம்மா ரேடியோவில் ஒட்டிய காதை எடுக்கவே இல்லை. அந்தப் பெண் பாடி முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மெதுவாக எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா அந்தத் தேக்குக் கட்டைக்கு முன்னால் போய் நின்றார். நகத்தால் இரண்டு வயரையும் பிரித்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கலாமாடா?"

"கூடாதுப்பா."

"தெரியுமா?"

"தெரியும்பா."

"நானே முதல் தரத்துக் காயோட ரெண்டாந்தரத்தைச் சேக்க மாட்டேனே. நீ என்ன தைரியத்துல சேத்த?" என்றார். கூடத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது.

அன்றைக்கே அக்காவுக்குக் கடிதம் எழுதினோம். உண்மையை எழுத அப்பாவுக்கு மனம் வரவில்லை. பிள்ளை அவ்வளவு ஆசையாகப் பாடியிருக்கிறான், கேட்கவில்லை என்று எப்படி எழுதுவது? 'சுருதி சுத்தம், உச்சரிப்பு சுத்தம், கேட்ட அனைவரும் மெய்ம்மறந்து விட்டார்கள்' என்று ஒரு பக்கம் எழுதினார். (மெய்ம்மறந்தது உண்மைதான்.) கடைசியில் அம்மா தனக்கு நாலு வரி வேண்டும் என்று கேட்டாள். எழுதத் தெரியாததால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: "குமாருக்கு இருமல் எப்படி இருக்கிறது? ராத்திரியும் இருமுகிறானா? நெஞ்சில் சளியா, வெறும் தொண்டை இருமலா? சுக்கும் திப்பிலியும் நம்ம முதல்தர ஏலக்காயும் இடித்துப் பொட்டலம் அனுப்புகிறேன், தேனில் குழைத்துக் கொடு." சொன்னபடியே பொட்டலமும் போனது.

பதில் வர மூன்று வாரம் ஆனது. அக்கா எழுதியிருந்தாள்: "அப்பா எழுதினதை வாசித்துச் சந்தோஷப்பட்டேன். அம்மா எழுதினதை வாசித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. என் பிள்ளை மூணு நிமிஷம் பாடினான். நீங்கள் எல்லோரும் அவன் ஒரே ஒரு தரம் இருமினதைத்தான் கேட்டிருக்கிறீர்கள், இல்லையா? ரேடியோவுக்கு வயர் போட்டது யார் என்று எனக்குத் தெரியாதா? தம்பியைத் திட்டாதீர்கள். மாமா கேட்டாரா, மாமா கேட்டாரா என்று இவன் தினமும் நச்சரிக்கிறான். கேட்டார் என்று சொல்லியிருக்கிறேன்."

அந்தக் கடைசி வரியை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாளே சுத்தியலை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். ஏரியல் வயரைக் கட்டையிலிருந்து பிய்த்து, மூன்றடி தள்ளித் தனிக் கட்டையில் அடித்து, கரண்டு வயரைக் கடக்கிற இடத்தில் நேர் குறுக்காகக் கடத்தினேன். பச்சைச் சுவரில் பதினோரு ஆணி. ஒன்றுகூட நேராக இல்லை. ஆணியை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது முதலாளியம்மாதான். அதற்குப் பிறகு டியூப் லைட் எரிந்தாலும் ரேடியோ துல்லியமாகப் பாடியது. ஒரு வருஷத்துக்கு மேல், ஒவ்வொரு ஞாயிறு காலையும் அம்மா அந்த ரேடியோ முன்னால் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஒருவேளை இன்னொரு தரம் அவனைப் பாடச் சொல்வார்களோ என்று. சொல்லவில்லை.

குமார் போடிக்கு வந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. மீசை வைத்த ஆள் ரயிலைவிட்டு இறங்கி வந்தான். அதற்குள் எங்கள் குடும்பத்தில் என் கதை ஊறுகாய் மாதிரி ஊறிப்போயிருந்தது. எந்த விசேஷத்தில் விளக்கேற்றினாலும், "சுந்தரத்தைக் கேட்டுட்டு ஏத்துங்க" என்பார்கள். போன் பேச ஆரம்பிக்கிற யாரும் முதலில் ஒரு தரம் இருமிவிட்டுத்தான் பேசுவார்கள். கொழும்புவரை இந்தக் கிண்டல் போயிருந்தது. அவனும் வீட்டுக்குள் நுழைந்ததும், "மாமா, நான் பாடப்போறேன். பியூஸ் பெட்டிப் பக்கம் போயிராதீங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். என் உயரம் இருந்தான். மடியில் உட்கார வைக்கிற காலம் போய்விட்டது.

அம்மாவுக்கு அப்போது பார்வை மங்கிவிட்டது. அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, ஆறு வயதில் பாடின அதே பாட்டைப் பாடினான். உடைந்து கனத்த ஆம்பளைக் குரல். நன்றாகத்தான் பாடினான். அம்மா முழுசும் கேட்டாள். முடிந்ததும் அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாப் பாடுற அப்பு" என்றாள். அவன் தொண்டையைத் தொட்டு, "ஆனா அன்னைக்கு இருமின மாதிரி இல்ல" என்றாள்.